மலையில் கந்தகப் புகையைக் கண்டுபிடிப்பது எப்படி: மூக்கு, மரப்பட்டை, மழைநீர்

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ புதிதாகக் குடியேறியவர்களுக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தங்கள் ஊர்க் காற்றைக் கவனிக்க நினைக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுதியது இது. விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு கைலென்ஸ், கம்பிச் சட்டம், புனல், அமிலத்தன்மையை அளக்கும் பேனா அளவு பிஎச் மீட்டர், ஒரு நோட்டு போதும். இவற்றைக் கொண்டு வாயுவின் அளவை எண்ணாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட இடம் இருக்கிறதா, இல்லையா என்று நேர்மையாகச் சொல்ல முடியும். மலையில் பாதிச் சண்டை இதில்தான்: மரம் காய்ந்தாலும் கந்தகம், இலை கருகினாலும் கந்தகம் என்று பழி போட்டுவிடுகிறோம்.

எதைத் தேடுகிறோம்

கந்தக டை ஆக்சைடு நிறமில்லாத வாயு. காற்றைவிட ஏறத்தாழ 2.2 மடங்கு கனம், தண்ணீரில் எளிதாகக் கரையும். கந்தகம் உள்ள எது எரிந்தாலும் வரும். 1 கிலோ கந்தகம் எரிந்தால் 2 கிலோ வாயு. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தரப்படி ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆண்டுச் சராசரி 50. சூழல் நுண்மையான பகுதி என்று மத்திய அரசு அறிவித்த இடங்களில் மட்டும் ஆண்டுக்கு 20. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்பு 40. செயலியில் எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள்: சில இடங்களில் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) என்று போட்டிருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், கடல்மட்ட அழுத்தத்தில் 1 பிபிபி என்பது 2.62 மைக்ரோகிராம். இதைக் கவனிக்காமல் பயந்தவர்களும் உண்டு, நிம்மதியானவர்களும் உண்டு.

உடம்பில் என்ன செய்கிறது? சும்மா உட்கார்ந்து மூக்கால் மூச்சு விடுபவருக்கு வாயுவில் பெரும்பகுதி மூக்கின் ஈரத்திலேயே கரைந்து நின்றுவிடும். மேட்டில் ஏறும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறோமே, அப்போது அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 5 முதல் 10 நிமிடத்தில் குழாய் சுருங்கி இழுப்பு வந்துவிடும். குளிர்ந்த உலர்ந்த காற்றும் அதே வேலையைச் செய்வதால், மார்கழிக் காலையில் மேடேறும் ஆஸ்துமாக்காரருக்கு இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

முதலில் மூக்கைப் பழக்குங்கள்

ஒரு தீக்குச்சியை உரசுங்கள். முதல் நொடியில் மூக்கைக் குத்தும் நெடிதான் கந்தக டை ஆக்சைடு. அந்த நெடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வேறு, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. தேங்கிய ஏரிக்கரை, சாக்கடை, செப்டிக் தொட்டி இவற்றின் பக்கம் வருவது அதுதான். இரண்டையும் குழப்பிப் புகார் எழுதினால் விசாரிக்க வருபவர் சாக்கடையை மூடிவிட்டுப் போய்விடுவார்.

மூக்குக்கும் எல்லை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்த நெடி தெரியவே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டும். அதாவது நெடி தெரிந்தால் அந்த நேரத்துக் காற்று நாள் வரம்பைப்போலப் பல மடங்கில் இருக்கிறது. நெடி இல்லை என்பதால் காற்று சுத்தம் என்றும் ஆகாது, ஆஸ்துமா உள்ளவருக்கு நெடி தெரியும் முன்பே இழுக்கலாம். நெடி வந்த நாள், மணி, காற்று வந்த திசை, எது எரிந்தது, இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு வடிவம் தெரியும். பனிக்காலத்தில் அது பெரும்பாலும் விடியற்காலையாக இருக்கும்: இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு அது உடையும் வரை பள்ளத்துப் புகைக்குப் போக இடமில்லை. ஊட்டியில் உறைபனி விழும் காலையில் புகை கிடைமட்டமாகப் பாய் விரித்ததுபோல் கிடப்பதைக் கவனித்தால் புரியும்.

யார் மேல் சந்தேகம்: பத்து நிமிடக் கணக்கு

புதியவர்கள் எல்லாரும் முதலில் கை காட்டுவது சீசன் நேரத்துச் சுற்றுலா வண்டிகளை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைத் தரம்) டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கந்தகத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 1 லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.83 கிலோ. எனவே லிட்டருக்கு வரும் வாயு 17 மில்லிகிராம். பழைய பிஎஸ் 3 டீசலில் கந்தக வரம்பு 350 மில்லிகிராம், அப்போது லிட்டருக்கு 580 மில்லிகிராம் வந்தது. வண்டிப் புகையில் நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் இன்றும் இருக்கின்றன, ஆனால் கந்தகக் குற்றவாளி அது இல்லை.

இப்போது ஒரு கார் டயர். 8 கிலோ எடை, ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த கந்தகம் 1.5 சதவீதம் என்று வைத்தால் 120 கிராம். முழுதும் எரிந்தால் 240 கிராம் வாயு. பாதி சாம்பலிலேயே தங்கிவிட்டது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 120 கிராம். இது ஏழாயிரம் லிட்டர் டீசல் எரிப்பதற்குச் சமம்! குளிருக்கு ஸ்டாண்டில் கொளுத்தும் ஒரு டயர், ஒரு தெருவின் காலைக் காற்றைக் கெடுக்கப் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாக: விறகில் கந்தகம் மிகக் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்பு விறகில் ஓடினால் கந்தகத்துக்காகக் கவலைப்பட வேண்டாம் (விறகுப் புகை நுரையீரலுக்கு நல்லது என்று இதற்குப் பொருளல்ல). நிலக்கரி என்றால், அரை சதவீதக் கந்தகத்துக்குக் கிலோவுக்கு 10 கிராம் வரை. 3 சதவீதக் கந்தகம் உள்ள ஃபர்னஸ் ஆயில் (கொதிகலனில் எரிக்கும் கனமான எண்ணெய்) என்றால் கிலோவுக்கு 60 கிராம். ஆகவே கொதிகலனைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘என்ன போட்டு எரிக்கிறீர்கள்?’ என்பதே. தீபாவளி வெடியின் கருமருந்திலும் கந்தகம் உண்டு, அது இரண்டு நாள் கதை. தோட்டத்தில் சிலந்திப்பேனுக்குத் தெளிக்கும் நனையும் கந்தகத்தூள் எரியாத வரை இந்த வாயுவைத் தராது.

மரப்பட்டையைப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை, பொறுமை தேவை. சமையலறை அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கல்பாசியை எடுங்கள். செட்டிநாட்டு மசாலாவில் போடும் அந்தக் கருஞ்சாம்பல் சருகு ஒரு லைக்கன். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசியல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கு வேர் இல்லை, இலையின் மேல் இருக்கும் மெழுகுத் தோலும் இல்லை. மழையிலும் மஞ்சிலும் வருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். கந்தக டை ஆக்சைடு அந்த ஈரத்தில் கரைந்து உள்ளே போய்ப் பச்சையத்தைச் சிதைக்கிறது. வெளியேற்ற வழி இல்லாததால் வெளுத்துச் சாகிறது.

1866-ல் நைலாண்டர் என்ற அறிஞர் பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைப் பார்த்து, இவை காற்றின் நலத்தைச் சொல்கின்றன என்று எழுதினார். 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற லைக்கன் ஆய்வாளர்கள் இருவரும் இங்கிலாந்துக்கு ஓர் அளவுகோலே போட்டார்கள்: குளிர்காலச் சராசரி 170 மைக்ரோகிராமைத் தாண்டும் இடத்தில் மரத்தடியில் பச்சைப் பாசிப் பூச்சைத் தவிர ஏறத்தாழ எதுவும் இல்லை. அந்த அளவுகோலை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். அவர்கள் இனங்கள் வேறு, குளிர் வேறு, மழை வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையை மட்டும்.

வரிசை இது. தாடிபோலத் தொங்குவதும் சிறு புதர்போல நிமிர்ந்து நிற்பதும் புதர் வகை; அசுத்தக் காற்றில் முதலில் சாவது. ஓரம் தூக்கி இலைபோலப் படர்வது இலை வகை, கல்பாசி இதில் சேரும். பட்டையோடு ஒட்டிச் சாயம் பூசியதுபோல் இருப்பது மேலோட்டு வகை, கடைசி வரை தாக்குப்பிடிப்பது. நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் தூக்க வருவது இலை வகை, வராதது மேலோடு.

மூன்றோடு சேராத இரண்டைத் தள்ளிவிடுங்கள். மெத்தென்ற பச்சைப் பாசியில் லென்ஸில் பார்த்தால் குட்டி இலைகள் தெரியும், அது லைக்கன் இல்லை. தண்டில் துரு ஏறியதுபோல ஆரஞ்சு நிற வெல்வெட் படர்ந்திருந்தால் அதுவும் ஒரு வகைப் பாசி, ஈரமலைகளில் சகஜம். அதை மாசு என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு.

மரம் தேர்வதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். யூகலிப்டஸ் பட்டை உரிக்கும், அதில் எதுவும் ஒட்டி வளராது. பைன், சைப்ரஸ் பட்டை இயல்பிலேயே அமிலம். கொடைக்கானல் பக்கம் வீட்டுத் தோட்டத்துப் பேரி மரம் நல்லது, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் ஏராளம். எதுவானாலும் எல்லா இடத்திலும் ஒரே வகை மரம், நேராக நிற்பது, இடுப்பளவில் சுற்றளவு 50 சென்டிமீட்டருக்கு மேல், எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில். 1,400 மீட்டர் தாண்டிக்குடி மரத்தையும் 2,100 மீட்டர் கொடைக்கானல் மரத்தையும் ஒப்பிட்டால் காற்றை அளக்க மாட்டீர்கள், உயரத்தைத்தான் அளப்பீர்கள். சாலையோரத்தில் வெள்ளையடித்த மரம் வேண்டாம். காபித் தோட்டத்து நிழல் மரமும் வேண்டாம்: அங்கே போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பார்கள், அதில் இருக்கும் தாமிரம் லைக்கனைக் கொல்லும். கீழ்ப் பழனிமலையில் லைக்கன் இல்லாத மரத்தைப் பார்த்தால் கந்தகத்தைச் சந்தேகிக்கும் முன் தெளிப்பான் யார் வைத்திருக்கிறார் என்று விசாரியுங்கள்.

சட்டம்: கம்பியில் 10 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் நீளம், நடுவில் நூல் கட்டி ஐந்து சதுரம். தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேல் அடி முனை வரும்படி தண்டில் வைத்துக் கட்டுங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நான்கு பக்கமும் வைத்தால் ஒரு மரத்துக்கு 20 சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் புதர் வகை உண்டா, இலை வகை உண்டா, மேலோடு உண்டா என்று மட்டும் குறியுங்கள். எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று மதிப்பிட வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆக ஒரு மரத்துக்கு மூன்று எண், ஒவ்வொன்றும் 0 முதல் 20 வரை. ஓரிடத்தில் குறைந்தது 6 மரம், சந்தேகமான இடத்தில் தொடங்கி 50, 200, 500 மீட்டர் தூரங்களில் ஒவ்வொரு தொகுதி.

செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லையா? தெளிப்பானில் தண்ணீர் அடித்து இரண்டு நிமிடம் பொறுங்கள். உயிருள்ளது பச்சை ஏறும். செத்தது வெள்ளையாகவோ பழுப்பாகவோ நனைந்து கிடக்கும். மழை பெய்த மறுநாள் வேலை செய்யாதீர்கள், எல்லாம் பச்சையாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். ஜனவரி, பிப்ரவரி உலர்ந்த நாட்கள் சரி. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் போன வாரத்துக் காற்றைச் சொல்லாது, போன சில ஆண்டுகளைச் சொல்லும். அதே மரம், அதே மாதம், ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

பிய்த்து எடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவும் கூடாது. கொடைக்கானல் ஓரங்களில் விடியற்காலை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் காட்டுமாடு வந்து நிற்கும். ஒருவர் எண்ண, ஒருவர் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

மழைநீர்

மாசற்ற மழையும் நடுநிலை (பிஎச் 7) அல்ல. காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் 5.6 அளவில் இருக்கும். நம் நாட்டில் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்தூசி கலந்து 6-க்கு மேலும் போகும். எனவே 6.2 வந்தால் அமிலம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், தூசி அமிலத்தைத் தின்றிருக்கலாம்.

15 சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் புனலையும் பாட்டிலையும் பேட்டரித் தண்ணீரில் (உப்பு நீக்கிய நீர், பேட்டரி அமிலம் அல்ல) மூன்று முறை அலசுங்கள். சோப்பு கூடாது. சிறு பாட்டில் தண்ணீர் மலையில் தடை என்பதால் 5 லிட்டர் கேனாக வாங்கிவிடுவது நல்லது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், தகரக் கூரைக்கும் மரத்துக்கும் விலகி, அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் வையுங்கள். மழை தொடங்கும்போது மூடியைத் திறந்து, நின்றதும் மூடுங்கள். இந்தப் புனலில் 1 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் சேரும். முதல் 2 மில்லிமீட்டரைத் தனி பாட்டிலில் பிடியுங்கள். காற்றைக் கழுவி வருவது அதுதான், அடுத்து வருவது மேகத்தின் கதை.

பிஎச் மீட்டரை 4-ம் 7-ம் பிஎச் உள்ள தாங்கல் (பஃபர்) கரைசலில் அன்றே சரிபார்த்து, அன்றே அளக்க வேண்டும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் எண் நிற்காமல் ஓடும். மெதுவாகச் சுழற்றி, அசையாமல் மூன்று நிமிடம் விட்டுப் பிறகு படியுங்கள். குளத்து நீருக்கான பட்டைத்தாள் இதற்கு உதவாது. பிஎச் எண்களை நேராகச் சராசரி எடுப்பதும் பிழை: 5.6, 4.6 இரண்டின் சராசரி 5.1 அல்ல, 4.9. ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. மூடுபனியை நைலான் வலையில் வழித்துப் பிடித்து அளந்தால் பெரும்பாலும் மழையைவிட அமிலமாக இருக்கும். அதே அழுக்கு, குறைந்த தண்ணீர்.

4.5 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது கந்தகமா? நைட்ரஜன் ஆக்சைடும் செய்யும், காட்டிலும் சருகுத் தீயிலும் வரும் ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களும் செய்யும். பள்ளி ஆய்வகம் இருந்தால் 1 லிட்டர் மழைநீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் 50 மில்லியாகச் சுண்டவைத்து, சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பேரியம் குளோரைடு கரைசலைச் சேருங்கள். வெண்கலங்கல் வந்தால் சல்ஃபேட் உண்டு. சுண்டவைக்காமல் செய்தால் ஒன்றும் தெரியாது. பேரியம் குளோரைடு விஷம். கையுறை போட்டு ஆசிரியர்தான் செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவமழை கடல் உப்பைச் சுமந்து வருவதும் நினைவிருக்கட்டும். கடல்நீரில் குளோரைடின் எடையில் 0.14 பங்கு சல்ஃபேட் உண்டு. ஆய்வகத்தில் இரண்டையும் அளந்து அந்தப் பங்கைக் கழித்த பின் மிஞ்சுவதே நம் ஊர்க் கணக்கு.

தரமான வாயு அளவீடு, வெஸ்ட்-கேக் முறை, தேர்ந்த ஆய்வகத்தின் வேலை. அதன் கரைசலில் பாதரச உப்பு இருக்கிறது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பார்த்த கொடைக்கானல்காரர்களுக்குப் பாதரசம் பற்றி விளக்க வேண்டியதில்லை.

எங்கே தவறுகிறோம்

மரத்தில் புதர் வகை இல்லை, இலை வகையும் குறைவு, அதே வகை மரத்தில் 500 மீட்டர் தள்ளி இரண்டும் நிறைய, முதல் மழையின் பிஎச் திரும்பத் திரும்ப 5-க்குக் கீழே, நோட்டில் நெடி. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. ஒன்று மட்டும் காட்டினால் பொறுங்கள். மரத்துக்குப் பக்கத்தில் கோழி எருக் குவியல் இருந்தால் அமோனியா லைக்கனின் வகையையே மாற்றிவிடும். நீலகிரியின் கிழக்குச் சரிவு இயல்பிலேயே வறண்டது, மேற்கே நடுவட்டம் பக்கத்து ஈரத்தை கிழக்கே கோத்தகிரியில் எதிர்பார்க்கக் கூடாது.

இலையில் நரம்புகளுக்கு இடையே வெளுத்தால் கந்தகக் காயம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், பீன்ஸ், முள்ளங்கி, கீரை சீக்கிரம் காட்டும். ஆனால் உறைபனி கருக்குவதும் மக்னீசியம் குறைவதும் கிட்டத்தட்ட அதே முகம். மண்ணின் பிஎச் 4.8 என்பதையும் அமில மழைக்குச் சாட்சியாக்காதீர்கள். நீலகிரி மண் இயல்பாகவே அமிலம், அதன்மேல் ஆண்டாண்டாகப் போட்ட அம்மோனியம் சல்ஃபேட் உரம் வேறு.

கண்டுபிடித்த பிறகு

டயர், குப்பை எரிப்பு என்றால் நகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ போங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2016 டிசம்பர் உத்தரவுப்படி திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். கொதிகலன், ஜெனரேட்டர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். புகாரில் உணர்ச்சி வேண்டாம். தேதி, மணி, காற்றுத் திசை, எரிபொருள், மர எண்கள், மழை எண்கள் போதும்.

ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு விதி உண்டு: கட்டட உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர். 100 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர். சமவெளியில் இது போதும். சரிவில், கீழ்வீட்டுக் கூரைக்கு மேல் 2 மீட்டர் என்பது மேல்வீட்டுச் சன்னலாக இருக்கும். அளந்து, படம் எடுத்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அதுவரை வீட்டில்: என்95 முகமூடி தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. நெடி வந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி மேட்டுக்குப் போங்கள், பள்ளத்துக்கு இறங்காதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை பனிக்காலத்தில் ஓடுவதை ஒன்பதரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளட்டும்; மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் புத்தகப் பைக்குள் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108.